மிதிபலகை வேண்டுமா, வேண்டாமா?

மோட்டார் வண்டி வாங்கப் போகின்றவர் எவரையேனும் கவனித்துப் பாருங்கள். மூடியைத் திறந்து இயந்திரத்தை எட்டிப் பார்ப்பார்; ரயரைக் காலால் உதைத்துப் பார்ப்பார்; ஒரு லீற்றர் எண்ணெய்க்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்று விசாரிப்பார். வண்டியின் தளம் நிலத்திலிருந்து எத்தனை அங்குல உயரத்தில் இருக்கின்றதென்று அளந்து பார்ப்பவரை நான் இதுவரை கண்டதில்லை. நானும் அளந்து பார்க்கவில்லை. அளந்திருந்தால் இக்கட்டுரையை எழுதவேண்டிய தேவை எனக்கு ஏற்பட்டிராது.

எங்கள் வண்டி டொயோட்டா லாண்ட் குறூசர். 105 என்னும் வரிசையைச் சேர்ந்தது. 4.2 லீற்றர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் டீசல் இயந்திரமும், முன்னும் பின்னும் ஒரே தண்டாக அமைந்த அச்சுகளும், நாலு சில்லுக்கும் ஒருங்கே விசை செல்லும் அமைப்பும் உடையது. சேற்றுக்கும் பள்ளத்துக்கும் அஞ்சாது என்று உலகெங்கணுமுள்ள தொண்டு நிறுவனங்கள் விரும்பி வாங்கிய வண்டி இது. அத்தகைய நிறுவனமொன்றிற் பணிசெய்து ஓய்ந்து, ஏலத்திற் போய், இருவர் கைமாறி என்னிடம் வந்து சேர்ந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அவ்விடைக்காலத்தில் வாங்கியவன் யான்; ஆதலின் என்ன விலை கொடுத்தேன் என்று தயவுசெய்து கேட்கவேண்டாம். அக்கராயன்குளத்தின் கீழுள்ள வயலுக்குக் காலபோகத்து மழையிலும் போய்வர வேண்டுமென்பதே என் நோக்கம். அந்நோக்கத்தை வண்டி குறைவின்றி நிறைவேற்றியது.

ஆனால், வண்டி வயலுக்கு மாத்திரமா போகின்றது? சாவகச்சேரியிலுள்ள எங்கள் வீட்டில் மனைவி இருக்கிறாள். பத்து வயதுப் பையன் இருக்கிறான். எழுபத்தெட்டு வயதில் என் மாமியார் இருக்கிறார். கோயிலுக்கும் கொண்டாட்டத்துக்கும் வைத்தியரிடத்துக்கும் எங்களுக்கிருப்பது இந்த ஒரு வண்டிதான்.

தொடக்கத்திலே மாமி ஏறுவதற்கு ஒரு பிளாஸ்டிக் முக்காலியை வண்டியின் பின்புறத்திற் கொண்டு திரிந்தோம். முக்காலி மலிவானது, வண்டியில் ஓர் ஆணியும் அடிக்கவேண்டியதில்லை. இவ்விரண்டும் அதன் சிறப்பு. மணலில் வைத்தால் ஒரு கால் புதையும் என்பதும், ஒருவர் ஓடி ஓடி எடுத்து வைத்து, மறவாமல் மீண்டும் எடுத்து வரவேண்டும் என்பதும் அதன் குறைகள். நயினாதீவுக்குப் போனபோது குறிகட்டுவான் இறங்குதுறையில் அம்முக்காலியை மறந்து வந்துவிட்டோம். அதற்கு அடுத்த வாரமே நல்லூரில் ஓர் உறவினர் வீட்டுத் திருமணம்.

விருந்து முடிந்து புறப்படும் வேளையில் மழை பிடித்துக்கொண்டது. மண்டபத்து வாயிலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினேன். பின்னால் ஏழெட்டு வண்டிகள் காத்து நின்றன. மாமி ஒரு காலைத் தூக்கினார், எட்டவில்லை. மறுகாலைத் தூக்கினார், முழங்கால் மடியவில்லை. நான் கீழே நின்று இடுப்பைத் தாங்க, பையன் மேலே நின்று கையைப் பற்றி இழுக்க, ஒருவாறு அவரை உள்ளே ஏற்றினோம். செருப்பொன்று கழன்று நீரில் விழுந்தது. வாயிலில் நின்ற இளைஞர் இருவர் சிரித்தனர். மாமியாரை மருமகன் இவ்வாறு சபை நடுவே தூக்கி ஏற்றுவது எங்கள் ஊரில் எத்தகைய சங்கடம் என்பதை யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. வீடு வரும்வரை அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அதன் பின்பு மாமிக்குப் பலவகையான அலுவல்கள் வந்து சேர்ந்தன. வவுனியாவிலுள்ள தமக்கையாரைப் பார்க்கப் புறப்பட்டபோது பசு கன்று போடும் நாள் என்றார். வைத்தியரிடம் போகும் நாளிற் கண் கூசுகிறது என்றார். வல்லிபுர ஆழ்வார் கோயிற் கடற்றீர்த்தத்துக்கு ஆண்டு தவறாமற் போகின்றவர், “இம்முறை நீங்கள் போய் வாருங்கோ, நான் வீட்டிலிருந்து கும்பிடுகிறேன்” என்றார். நான் அவற்றையெல்லாம் உண்மையென்றே நம்பினேன். ஒருநாள் இரவு என் மனைவிதான் சொன்னாள்: “இஞ்சாருங்கோ, அம்மா படலையைத் தாண்டி மூன்று மாதமாகிறது. உங்களுக்குத் தெரியவில்லையா?”

தெரியவில்லை. அப்பொழுதுதான் அளவுகோலை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். நிலத்திலிருந்து பின்கதவின் தளம் 22 அங்குலம். எங்கள் வீட்டு விறாந்தைப் படியொன்றின் உயரம் 7 அங்குலம். மூன்று படிகளை ஒரே எட்டில் ஏறும்படி ஒரு முதியவரை நான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

யாருக்காகச் செய்த வண்டி?

அந்நாள் மோட்டார்களுக்கு மிதிபலகை என்பது அணிகலனன்று, உறுப்பு. 1908இல் வெளிவந்த போர்ட் கம்பனியின் ‘ரி’ மாதிரி வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். முன் சில்லின் மூடியிலிருந்து பின் சில்லின் மூடிவரை ஒரு நீண்ட பலகை ஓடும். அதில் ஏறி நின்றுதான் உள்ளே புகவேண்டும். 1930களின் பிற்பகுதி தொடங்கி வண்டியின் உடல் அகன்றது, தளம் தாழ்ந்தது, மிதிபலகை மெல்ல மறைந்தது. 1948இல் வந்த மொறிஸ் மைனருக்கும் 1952இல் வந்த ஒஸ்டின் ஏ40 சோமசெற்றுக்கும் அது இல்லை, வேண்டியிருக்கவுமில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு குடாநாட்டைச் சுமந்து திரிந்த அவ்வண்டிகளில் எங்கள் பாட்டிமார் பிறர் உதவியின்றி ஏறி இறங்கினர். வொக்ஸ்வாகன் ‘வண்டு’ மாத்திரம் 2003இல் மெக்சிக்கோவிற் கடைசி வண்டி வெளிவரும்வரை தன் மிதிபலகையை விடாப்பிடியாக வைத்துக்கொண்டிருந்தது.

நாலுசில்லு விசை வண்டிகளின் பரம்பரையோ வேறு. 1941இல் அமெரிக்கப் படைக்கென்று பெருந்தொகையிற் செய்யத் தொடங்கிய ஜீப்புக்குக் கதவே இல்லை. இளஞ் சிப்பாய்கள் பாய்ந்து ஏறுவர், பாய்ந்து இறங்குவர். 1948 ஏப்ரல் 30ஆந் திகதி அம்ஸ்ரடாம் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்ட லாண்ட் ரோவர் கமக்காரனை மனத்திற் கொண்டு செய்யப்பட்டது. டொயோட்டா செய்த முதல் ஜீப்பு 1951இல் பியூஜி மலையின் ஆறாவது நிலையம்வரை ஏறிக் காட்டிப் பெயர் வாங்கியது. 1954இல் அதற்கு லாண்ட் குறூசர் என்று பெயரிட்டனர். பியூஜி மலையில் ஏறிய வண்டிதான். ஆனால் அதன்மீது என் மாமி ஏறவேண்டி வரும் என்று அவர்களில் ஒருவரும் எண்ணியிரார். சிப்பாய்க்கும் கமக்காரனுக்கும் செய்த உயரத்தைக் குடும்பத்துக்கு விற்கத் தொடங்கிய பின்னரே, மறைந்துபோன மிதிபலகை குழாய் வடிவத்திலும் தகட்டு வடிவத்திலும் திரும்பி வந்தது.

யானை தேவலை. பாகன் ஏறவேண்டுமாயின் அது முழந்தாளை மடித்துக் கொடுக்கும். இன்று காற்றுத் தலையணைமீது நிற்கும் விலையுயர்ந்த சில வண்டிகளுக்கும் அவ்வித்தை தெரியும். புதிய லாண்ட் ரோவர் டிபென்டர், ஆட்கள் ஏறும் வேளையில் 5 சென்ரிமீற்றர் தாழ்ந்து கொடுக்கின்றது. 5 சென்ரிமீற்றர் என்றால் 2 அங்குலம். அதற்குக் கொடுக்கும் விலையை நினைத்தால் யானையே மலிவு.

வளைந்த இரும்பு ஒன்று

சரி, மிதிபலகை பூட்டிவிட்டால் தீர்ந்தது என்று வாசகர்கள் எண்ணலாம். என் மனைவியும் அவ்வாறே எண்ணினாள். நான் உடன்படவில்லை. அதற்குக் காரணம் வெறும் பிடிவாதமன்று.

வண்டியை வாங்கிய காலத்திலேயே அதன் அடிச்சட்டத்தில், இருபுறமும், பழைய ஆணித் துளைகளைக் கண்டிருந்தேன். வலப்புறத்தில் ஒரு தாங்கி கழற்றப்படாமலே கிடந்தது. அது மேல்நோக்கிக் கொக்கிபோல் வளைந்திருந்தது. அதற்கு நேர் மேலே, கதவின் கீழ்விளிம்பிலே, ஒடுக்கெடுத்து வர்ணம் பூசிய தழும்பும் இருந்தது. ஆகவே, இவ்வண்டிக்கு ஒருகாலத்தில் மிதிபலகை இருந்திருக்கின்றது. எங்கோ ஒரு கல்லிலோ கட்டையிலோ அது குந்தியிருக்கின்றது. வண்டியின் முழுப் பாரமும் அதன்மீது இறங்க, பலகை மேலே மடிந்து கதவை நெருக்கியிருக்கின்றது. முன்னிருந்தவர் ஏன் கழற்றி எறிந்தார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இதன் சூட்சுமத்தைச் சற்று விளக்குகிறேன். வண்டிக்கும் நிலத்துக்கும் இடையேயுள்ள வெளி இத்தனை என்று கைந்நூலில் ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். எங்கள் வண்டிபோன்ற தண்டு அச்சு வண்டிகளில் அந்த எண், அச்சின் நடுவே உருண்டு தொங்கும் டிபரென்சியலின் அடியிலிருந்து அளந்த எண். அந்த உருண்டையைக் காக்கவேண்டி, பழகிய சாரதி பாதையிற் கிடக்கும் கல்லை இரு சில்லுக்கும் நடுவே விடமாட்டார். சில்லையே அதன்மீது ஏற்றிவிடுவார். சில்லு கல்லின்மீது ஏறி இறங்கியதும், அந்தக் கல் எங்கே இருக்கும்? முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையிலே, வண்டியின் ஓரத்திலே, சரியாக மிதிபலகை தொங்கும் இடத்திலே இருக்கும்.

மற்றது குளக்கட்டு. வாய்க்கால் வரம்பையோ குளக்கட்டையோ குறுக்காகக் கடக்கும்போது முன்சில்லு அப்பால் இறங்கும். பின்சில்லு இப்பால் நிற்கும். வண்டியின் வயிறு மேட்டின் முதுகிலே தட்டும். எங்கள் வண்டியின் முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடைத்தூரம் 9 அடி 4 அங்குலம். அடிச்சட்டம் நிலத்திலிருந்து 14 அங்குலம். இக்கணக்கின்படி ஏறக்குறைய 28 பாகை முறிவுள்ள மேட்டை வண்டி தட்டாமற் கடக்கும். நடுவே 4 அங்குலம் கீழே தொங்கும்படி ஒரு பலகையைப் பூட்டினால், அந்த 28 பாகை 20 பாகையளவாகக் குறைந்துவிடும். கடையிற் பொருள் விற்பவர் இதைச் சொல்லமாட்டார். மினுங்குகின்றது பாருங்கள் என்றுதான் சொல்வார்.

கடையிற் கிடைப்பவற்றையும் போய்ப் பார்த்தேன். உருண்டைக் குழாயை வளைத்துச் செய்த வகை ஒன்று, பார்வைக்கு அழகு. ஆயின் உருண்டைமேல் விரல்நுனி நிற்குமேயன்றிப் பாதம் நில்லாது. மழையில் நனைந்தால் விரலும் நில்லாது. தட்டையான அலுமினியப் பலகை அடுத்த வகை. கால் நன்றாகப் பதியும், மேலே இறப்பர் வரியும் உண்டு. கதவைத் திறந்ததும் மின்விசையால் தானே இறங்கி, மூடியதும் தானே உள்ளே மடங்கும் பலகையும் உண்டு. கொழும்பில் ஓடும் வண்டிக்கு அது பொருந்தலாம். அக்கராயன் சேற்றில் அதன் கீல்களும் மோட்டாரும் ஒரு போகம் தாங்குமா என்பது என் ஐயம். இறுதியாக, கல்தாங்கி என்று சொல்லத்தக்க ஒன்று. கனத்த இரும்புக் குழாயை அடிச்சட்டத்தோடு உறுதியாகப் பிணைத்து, வண்டி கல்லில் இறங்கினாலும் அதன் பாரத்தையே தாங்கும்படி செய்திருப்பார்கள். இருபுறத்துக்கும் சேர்த்து அரைமூட்டை நெல்லின் பாரத்துக்குக் குறையாது. நாட்டுப்புறத்தில் ஓடும் வண்டிக்கு உண்மையான காவல் அதுவே. என் மனம் அதிலேதான் சென்றது.

“இதில் அம்மா ஏறுவாவா?” என்று மனைவி கேட்டாள்.

கேள்வி நியாயமானது. கல்தாங்கி பயன்படவேண்டுமாயின் அது உயரத்தில், கதவின் விளிம்போடு ஒட்டி இருக்கவேண்டும். நிலத்திலிருந்து 18 அங்குலம். இருபத்திரண்டில் ஏறமுடியாதவர் பதினெட்டில் ஏறுவாரா? கடையிலுள்ள அழகான பலகைகளும் பெரும்பாலும் 16 அங்குலத்துக்குக் கீழே வருவதில்லை. இளைஞனுக்கு அது வேண்டியதில்லை. முதியவருக்கு அது போதாது. உயரமானவர்களுக்கோ அது தொல்லை. நேரே நிலத்தில் இறங்கக்கூடியவர் அதைத் தாண்டி எட்டி வைக்கவேண்டும்; கெண்டைக்காலில் அதன் சேறெல்லாம் அப்பும். சேலை உடுத்தவர் பாடு சொல்லவேண்டியதில்லை. இவற்றையெல்லாம் பார்க்கையில், நம் நகரங்களில் ஓடும் பல வண்டிகளின் மிதிபலகை யாருக்காகப் பூட்டப்பட்டதென்பது எனக்கு இன்னமும் விளங்கவில்லை. கழுவும்போது ஏறி நின்று கூரையைத் துடைக்க உதவும் என்பது உண்மை.

செங்கல்லும் கமுகஞ் சலாகையும்

வாய்ப்பேச்சு வேண்டாம், அளந்து பார்ப்போம் என்று இருவரும் முடிவு செய்தோம். அவளுடைய அளவை அவள் எடுத்தாள். என்னுடையதை நான் எடுத்தேன்.

அவள் செய்தது இது. விறாந்தைத் தூணருகே செங்கற்களை அடுக்கி, தாயாரை, தூணைப் பிடித்துக்கொண்டு ஏறச் சொன்னாள். எதற்கென்று சொல்லவில்லை, முழங்காலுக்கு எண்ணெய் தரும் வைத்தியர் கேட்டார் என்று ஒரு பொய் சொன்னாள். 8 அங்குலத்தில் மாமி இலேசாக ஏறினார். 11 அங்குலத்தில் தூணை இறுகப் பிடித்து ஏறினார். அதற்கு மேல் முடியவில்லை. இறங்கும்போதுதான் அவர் அதிகம் வருந்தினார் என்பதையும் அவள் கண்டாள். மூட்டுத் தேய்ந்தவர்களுக்கு ஏறுவதைப் பார்க்கிலும் இறங்குவதே கடினம். ஏறும்போது நல்ல காலை முன்வைக்கவேண்டும், இறங்கும்போது நோயுற்ற காலை முன்வைக்கவேண்டும் என்று உடற்பயிற்சி வைத்தியர்கள் பழக்குவதும் இதனாலேதான். ஆகவே, 22 அங்குலத்தைச் சரிபாதியாக்கி 11 அங்குலத்தில் ஒரு படி, கைக்கு எட்டும் இடத்தில் ஒரு பிடி: இவ்விரண்டும் இருந்தால் மாமி தாமாக ஏறுவார், தாமாக இறங்குவார். பிடி வண்டியில் முன்பே இருந்தது. கதவுத் தூணின் உட்புறத்திலே. படிதான் இல்லை.

என் அளவை வேறுவிதம். கமுகஞ் சலாகைகள் நாலை எடுத்து, வண்டியின் இருபுறமும் கதவுகளின் கீழே, மிதிபலகை எங்கே வருமோ அங்கே, கயிற்றாற் கட்டினேன். ஒருபுறம் 16 அங்குல உயரத்தில். மறுபுறம் 11 அங்குல உயரத்தில். ஆனையிறவைக் கடந்து கிளிநொச்சிவரை ஏ9 வீதியில் ஒரு சலாகையும் அசையவில்லை. வழியிற் கண்டவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது, எண்ணெய் நிரப்பும் இடத்தில் ஒருவர், “ஐயா, வேலி அடைக்கப் போகிறீர்களோ?” என்று கேட்டார். கிளிநொச்சியிலிருந்து தென்மேற்கே அக்கராயனுக்குத் திரும்பி, ஊர் வீதியை விட்டு வயற்பாதையில் இறங்கியதும் கதை மாறியது. முதல் வாய்க்காற் கடவையிலேயே தாழ்ந்த சலாகை முறிந்தது. மாற்றுச் சலாகை கட்டினேன். குளக்கட்டு ஏற்றத்தில் அதுவும் போயிற்று. 16 அங்குலத்திற் கட்டிய சலாகை வயல்வரை வந்து, திரும்பும்போது ஒரு பாலைமர வேரில் உராய்ந்து கீறல்பட்டது; முறியவில்லை.

இரவு இரண்டு அளவுகளையும் மேசைமேல் வைத்துப் பார்த்தோம். மாமிக்கு வேண்டியது 11 அங்குலம். வண்டிக்கு ஆகாததும் அதே 11 அங்குலம். பதினாறில் ஒரு பலகையைப் பூட்டி இருவரையும் சமாதானப்படுத்தலாம் என்று ஒரு கணம் எண்ணினேன். அது இருவரையும் ஏமாற்றுவதாகும்.

உண்மையைச் சொன்னால், வண்டியை வயலுக்கு மாத்திரம் வைத்துக்கொண்டு, மாமியை ஏற்ற முச்சக்கரவண்டி பிடிக்கலாமே என்றும் சொல்லிப் பார்த்தேன். மனைவி விடை சொல்லவில்லை. அவள் விடை சொல்லாமல் இருப்பது எனக்கு விளங்கும்.

மடங்கும் படி

யோசனையைத் தந்தது பழைய லாண்ட் ரோவர். மலைநாட்டுத் தோட்டங்களிற் பார்த்திருப்பீர்கள். அதன் பின்புறத்திலே ஒரு சிறு இரும்புப் படி, வேண்டும்போது கீழே விழும், வேண்டாதபோது மேலே மடிந்து நிற்கும். மின்சாரமும் இல்லை, மோட்டாரும் இல்லை. ஒரு கீலும் ஒரு கொண்டியும்தான். அதைப் பக்கக் கதவுக்குச் செய்தால் என்ன?

எங்கள் ஊர் வெல்டிங் கடைக்காரரிடம் போனேன். அவர் பேச்சுக் குறைவான மனிதர். வண்டிக்கு அடியிற் படுத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, “ஒரு பக்கம் போதும்” என்றார். உண்மைதான். நம் நாட்டில் வண்டி இடப்புறமாக ஓடுவது. ஆட்கள் ஏறுவதும் இறங்குவதும் இடப்புறத்து வீதியோரத்திலே. மாமி இருப்பது இடப்புறப் பின்னாசனம். அந்த ஒரு கதவுக்கு ஒரு படி இருந்தாற் போதும். நாலு கதவுக்கும் நீளப்பலகை வேண்டுமென்று நான் ஏன் எண்ணிக்கொண்டிருந்தேன்? பலகை என்றால் நீளமாக இருக்கவேண்டுமென்று கண் பழகிவிட்டது, அவ்வளவே.

அவர் சொன்ன வேறு இரு விடயங்களை, இவ்வகை வேலை செய்விக்க எண்ணும் வாசகர்கள் குறித்துக்கொள்ளலாம். முதலாவது, இத்தகைய வண்டிகளில் உடல் வேறு, அடிச்சட்டம் வேறு. இரண்டுக்கும் நடுவே இறப்பர்க் கட்டைகள் இருக்கின்றன. மேடுபள்ளத்தில் அவை ஒன்றுக்கொன்று அசையும். படியை அடிச்சட்டத்தில் மாத்திரம் பூட்டவேண்டும். ஒரு முனையைச் சட்டத்திலும் மறுமுனையை உடலிலும் பிணைத்தால் விரைவில் வெடிப்பு விழும். இரண்டாவது, சட்டத்தில் புதிதாகத் துளைக்கவோ அதன்மீது ஒட்டவோ கூடாது. பழைய துளைகள் இருந்தபடியால் அவற்றிலேயே ஆணி பூட்டினார். துளையின் ஓரத்தைச் சுரண்டித் துருக்காப்பு வர்ணம் பூசினார். உப்புக் காற்றடிக்கும் எங்கள் பகுதியில் இவ்வர்ணத்தைப் பூசாமல் விடுபவர், இரண்டு வருடத்தில் தகட்டை விரலாற் குத்திப் பார்க்கலாம்.

தட்டு 14 அங்குல நீளம், 8 அங்குல அகலம். பாதம் முழுவதும் பதியவேண்டும். விரல்நுனிக்கு மாத்திரம் இடம் கொடுக்கும் படி படியன்று. துளையிட்ட தகடாதலின் மழைநீர் நில்லாது, சேறு கீழே உதிர்ந்துவிடும். மாமி மெலிந்தவர், ஆயினும் எங்கள் உறவினரிற் சிலர் அவ்வாறல்லர் என்பதைக் கருதித் தாங்கியை இரட்டிப்பாகச் செய்வித்தேன். கீல் பின்னோக்கி மடங்கும்படி வைத்தார். மடிந்தால் தட்டு சட்டத்தின் மட்டத்துக்கு மேலே போய்விடும். கொண்டியை மறந்து வண்டியை எடுத்துவிட்டாலும், முன்னே வரும் கல் தட்டைப் பின்னே தள்ளுமேயன்றி மேலே நெருக்காது. வலப்புறத்திலே கிடந்த அந்த வளைந்த தாங்கியையும் அன்றைக்கே கழற்றுவித்தேன்.

எல்லாருக்கும் இதுவே வழி என்று நான் சொல்லவில்லை. தார் வீதியை விட்டு இறங்காத வண்டிக்கு 11 அங்குலத்தில் நிலையான பலகையையே பூட்டலாம். அதற்குத் தடையாக இருப்பது வீட்டுப் படலையின் அகலமும் ஒழுங்கையின் மதிலும்தான். பலகை நாலைந்து அங்குலம் வெளியே நீளுமாயின் அதையும் அளந்துகொள்ளுங்கள். நக்கிள்ஸ் மலையிலே மீமுரே போன்ற ஊர்களின் கற்பாதையில் ஏறி இறங்குபவர் கல்தாங்கியைத்தான் நாடவேண்டும். முதியவருக்குத் தனியாக ஒரு முக்காலி. அது மறதி இல்லாத குடும்பத்துக்கு.

படி பூட்டிய அன்று மாலை வண்டியை முற்றத்திற் கொண்டுவந்து நிறுத்தினேன். ஒருவரும் மாமியை அழைக்கவில்லை. அவர் கோழிக்கு அரிசி தூவுகிறவர்போல் வந்து, வண்டியை ஒருமுறை சுற்றினார். பின்பு கதவைத் திறந்தார், உள்ளே பிடியைப் பற்றினார், நல்ல காலைத் தட்டில் வைத்தார், ஏறி அமர்ந்துவிட்டார். பையன் கைதட்டப் போனான். தாய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமி சற்று நேரம் ஆசனத்தில் இருந்து வெளியே பார்த்துவிட்டு, இறங்கி வந்தார்.

“கறுப்பாய்க் கிடக்கு. பொழுதுபட்டால் கண்ணுக்குத் தெரியாது” என்றார்.

மறுநாள் தட்டின் விளிம்பில் வெள்ளைக் கோடு தீட்டினேன். அதற்கு அடுத்த ஞாயிறு வவுனியாவுக்குப் போனோம். தமக்கையும் தங்கையும் நாலு மாதப் பேச்சை ஒரு பகலிற் பேசி முடித்தனர். இவ்வருடக் கடற்றீர்த்தத்துக்கும் வல்லிபுரத்து மணலில் எல்லாருக்கும் முன்னதாக இறங்கி நடந்தவர் அவரே.

கொண்டியை நான் இதுவரை இருமுறை மறந்திருக்கிறேன். ஒருமுறை வாய்க்காற் கடவையிலே தட்டு பின்னே மடிந்து ஓசையிட்டது, சேதமில்லை. மற்றமுறை கீலின் ஆணி வளைந்தது. கடைக்காரர் பதினைந்து நிமிடத்தில் மாற்றித் தந்தார். இரண்டு முறையும் வயலுக்குத் தனியே போன நாட்கள்தாம். மாமி வண்டியில் இருக்கும் நாளில் மறப்பதற்கு வழியில்லை. கதவை மூடிய கையோடு அவர் பின்னாலிருந்து கேட்டுவிடுவார்:

“தம்பி, கொண்டி போட்டாச்சோ?”